விரியும் பிரபஞ்சத்துக்கு நடுவிடம் எது?

பிரபஞ்சம் விரிகிறது. ஆனால் அதற்கு நடு என்று ஓர் இடம் கிடையாது. நம் பூமி நடுவில் இல்லை, கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த கூட்டமான கேலக்ஸி எதுவும் நடுவில் இல்லை. பதிலைச் சொல்லிவிட ஒரு நிமிடம் போதும். அது மனசில் இறங்கத்தான் நேரம் எடுக்கும், ஏனென்றால் நாம் பார்த்துப் பழகிய எந்தப் பொருளும் அந்த மாதிரி விரிவதில்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் படிவம் 5 பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். முக்கால்வாசிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு கேள்வி வந்துவிடும்: "ஐயா, எல்லாக் கேலக்ஸியும் நம்மள விட்டு ஓடுதுன்னா, நாமதானே நடுவுல இருக்கோம்?" பேத்தியைக் கூட்டிப் போக வந்த பெரியவர் ஒருவர், தோட்டத்தில் முன்பு மண்டோராக, அதாவது மேற்பார்வையாளராக, இருந்தவர், வாசலில் நின்றபடியே வேறொன்றைக் கேட்டார்: "வெடிச்சுதான் எல்லாம் உண்டாச்சுங்கிறீங்க. வெடிச்சா ஒரு எடத்துலதானே வெடிச்சிருக்கும்? அந்த எடம் எங்க இருக்கு தம்பி?" இரண்டுமே சரியான கேள்விகள். கொடுத்த தகவலை அப்படியே எடுத்துக்கொண்டு யோசித்தால் யாருக்கும் வரவேண்டிய கேள்விகள்.

முதலில், ஓடுகிறது என்பது எப்படித் தெரிந்தது? கேலக்ஸி நகர்வதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதன் ஒளிதான் காட்டிக்கொடுத்தது. ஹைட்ரஜன் வாயுவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் சிவப்புப் பகுதியில் 656 நானோமீட்டரில் ஒரு கோடு இருக்கும். பள்ளி ஆய்வுக்கூடத்திலும் அதே இடம்தான், சூரியனிலும் அதே இடம்தான். தூரத்துக் கேலக்ஸி ஒன்றின் ஒளியில் அந்தக் கோடு 670-க்கோ 700-க்கோ தள்ளிப் போயிருக்கும். வழியில் அலை நீண்டுவிட்டது. இதைச் சிவப்புப் பெயர்ச்சி என்கிறோம். கேலக்ஸி விலகிப் போவதன் அடையாளம் அது. நெருங்கி வந்தால் கோடு எதிர்ப்பக்கம் தள்ளிப் போகும்.

அமெரிக்காவின் லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-இல் ஆண்ட்ரோமெடா என்ற கேலக்ஸியை இப்படி அளந்தார். அது நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தது. விடாமல் மற்றவற்றையும் அளந்தார். பெரும்பாலானவை விலகிப் போய்க்கொண்டிருந்தன. ஆனால் அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. தூரம் அளக்க வழி காட்டியவர் ஹென்ரியெட்டா லீவிட். சில விண்மீன்கள் சீரான கால இடைவெளியில் மங்கி மங்கி ஒளிரும். அந்த இடைவெளி நீளமாக இருந்தால் விண்மீனின் உண்மையான பிரகாசமும் அதிகம் என்று அவர் கண்டுபிடித்தார். உண்மையான பிரகாசம் தெரிந்தால், நமக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக்கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம். எட்வின் ஹப்பிள் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு செய்தது அதைத்தான். 1929-இல் அவர் தூரத்தையும் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது: இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பது இரண்டு மடங்கு வேகத்தில் விலகுகிறது.

இதைக் கணக்காகவே முன்கூட்டி எழுதியவர்கள் உண்டு. ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஃப்ரீட்மன் 1922-இல், ஈர்ப்பு பற்றிய ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள் விரியும் பிரபஞ்சத்துக்கு இடம் தருகின்றன என்று காட்டினார். பெல்ஜியத்துப் பாதிரியார் ஜார்ஜ் லெமெய்த்ர் 1927-இல் அதைக் கேலக்ஸிகளின் வேகத்தோடு இணைத்து எழுதினார். அது பிரெஞ்சு மொழியில் ஒரு பெல்ஜிய இதழில் வந்ததால் பலர் கண்ணில் படவில்லை. 2018-இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் இதை ஹப்பிள்–லெமெய்த்ர் விதி என்று அழைக்கும்படி பரிந்துரைத்தது. பிந்தி வந்தாலும் அது நியாயமான மரியாதை என்றே நினைக்கிறேன்.

இன்றைய அளவீட்டின்படி, ஒவ்வொரு மில்லியன் ஒளியாண்டுத் தூரத்துக்கும் (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு) விலகும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 21 அல்லது 22 கிலோமீட்டர் கூடுகிறது. இரண்டு வெவ்வேறு முறைகளில் அளந்தால் இரண்டு விடைகள் வருகின்றன, அதுபற்றிப் பெரிய விவாதமே நடக்கிறது. நம் கேள்விக்கு அந்த வித்தியாசம் முக்கியமில்லை. தூரம் கூடக் கூட வேகமும் அதே விகிதத்தில் கூடுகிறது என்பதுதான் முக்கியம்.

இனித் தோட்டத்துக்குப் போவோம். நம் வட்டாரத்தில் முன்பு பால்மரம் நின்ற பல இடங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. செம்பனையை முக்கோண வாக்கில், மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர் விட்டு நடுவது வழக்கம். ஒரு நிரையின் ஓரமாக நின்று பார்த்தால் நேர்கோட்டில் மரம் மரமாகப் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே நடந்து போய் நின்றால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே காட்சி. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குத் திசை தப்பிவிடுவது இதனால்தான்.

இப்போது ஒரு கற்பனை. அந்த நிலமே ஒரு சீராக நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மரம் எதுவும் நடக்கவில்லை, ஒவ்வொன்றும் தன் வேரில்தான் நிற்கிறது. மரங்களுக்கு இடையிலுள்ள மண் மட்டும் ஒரு மணி நேரத்தில் ஒன்பது மீட்டரிலிருந்து பத்து மீட்டராகிவிடுகிறது.

குலை வெட்டும் அக்கா ஒருவர் ஒரு மரத்தடியில் நிற்கிறார். பக்கத்து மரம் 9 மீட்டரிலிருந்து 10-க்குப் போய்விட்டது, அதாவது ஒரு மீட்டர் விலகியது. அதே நிரையில் பத்தாவது மரம் 90-இல் இருந்தது, இப்போது 100-இல் இருக்கிறது. பத்து மீட்டர் விலகல். நூறாவது மரம் 900-இலிருந்து 1000-க்குப் போய்விட்டது, நூறு மீட்டர். நேரம் எல்லாவற்றுக்கும் ஒரே மணி நேரம்தான். ஆகவே பத்து மடங்கு தூரத்தில் நிற்பது பத்து மடங்கு வேகத்தில் விலகியிருக்கிறது. அந்த அக்கா என்ன நினைப்பார்? "எல்லா மரமும் என்னை விட்டுத்தான் ஓடுது, நான்தான் நடுவுல நிக்கிறேன்" என்றுதான் நினைப்பார்.

அந்த நூறாவது மரத்தடியில் அவருடைய கொழுந்தனார் நிற்கிறார். அவரும் அளக்கிறார். அவருக்குப் பக்கத்து மரம் ஒரு மீட்டர் விலகியது, பத்தாவது மரம் பத்து மீட்டர் விலகியது. அண்ணி நிற்கும் மரம் நூறு மீட்டர் விலகிவிட்டது. அவர் கணக்கில் அவர்தான் நடு. எந்த மரத்தடியில் யார் நின்றாலும் இதே எண்கள்தான் வரும். பிள்ளைகளிடம் ஒரு தாளில் நிரை வரைந்து, பிடித்த மரத்தைத் தேர்ந்தெடுத்துக் கணக்குப் போடச் சொல்வேன். ஆளுக்கொரு மரத்தை எடுப்பார்கள், எல்லோருக்கும் விடை ஒன்றுதான். இதைக் கையால் போட்டுப் பார்க்காமல் நம்பவே கூடாது என்பது என் கட்சி.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. எல்லாம் நம்மை விட்டு விலகுவதாகத் தெரிவது நாம் நடுவில் இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. ஆண்ட்ரோமெடாவைவிடப் பல நூறு மடங்கு தூரத்திலுள்ள ஒரு கேலக்ஸியில் யாராவது தொலைநோக்கி வைத்திருந்தால், அவர்களும் இதே விதியைத்தான் எழுதியிருப்பார்கள். நாம் இருக்கும் பால்வெளிக் கேலக்ஸியும் அவர்களை விட்டு விலகும் கூட்டத்தில் ஒன்றாக இருக்கும்.

ஆனால் கூர்மையாக யோசிக்கும் பிள்ளை இங்கே விடமாட்டான். "தோட்டத்துக்கு எல்லைக்கல் இருக்கே ஐயா. எல்லையிலிருந்து அளந்தா நடு கெடச்சிடுமே?" உண்மைதான். உவமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. தோட்டத்துக்கு ஓரம் இருப்பதால்தான் நடுவும் இருக்கிறது. ஓரம் இல்லாத ஒன்றுக்கு நடுவைக் குறிக்க வழியே இல்லை. பிரபஞ்சத்துக்கு ஓரம் இருப்பதற்கு இதுவரை எந்த அடையாளமும் கிடைக்கவில்லை. எந்தத் திசையில் எவ்வளவு தூரம் பார்த்தாலும் பெரிய அளவில் கேலக்ஸிகள் ஒரே மாதிரிதான் பரவியிருக்கின்றன. ஒரு பக்கம் நிறைந்தும் மறுபக்கம் காலியாகவும் இல்லை.

"எதுக்குள்ள விரியுது?" என்ற கேள்வியும் இதோடு சேர்ந்து வரும். வெளியே ஒரு காலியிடம் இருந்து, அதற்குள் பிரபஞ்சம் புகுவதாக யாரும் சொல்லவில்லை. கேலக்ஸிக்கும் கேலக்ஸிக்கும் இடையிலுள்ள தூரம் கூடுகிறது. அளப்பது முழுக்க உள்ளேயேதான். ஐன்ஸ்டைனின் கணக்குக்கு வெளிப்புறம் என்று ஒன்று தேவைப்படுவதில்லை.

இனிப் பெரியவரின் கேள்வி. பிரபஞ்சத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் பெருவெடிப்பு எங்கே நடந்தது?

வெடிகுண்டு வெடித்தால் துண்டுகள் ஏற்கெனவே இருக்கும் வெளியில் பறக்கும். வேகமாகப் பறந்த துண்டு அதிகத் தூரத்துக்குப் போயிருக்கும், மெதுவாகப் பறந்தது கிட்ட இருக்கும். அப்படியானால் அங்கேயும் தூரத்துக்கு ஏற்ற வேகம் என்ற அதே விதி வருமே என்று கேட்கலாம். வரும். வேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு வெடிகுண்டுக் கதையைத் தள்ளிவிட முடியாது என்பதைப் பல புத்தகங்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. ஆனால் வெடிகுண்டுச் சிதறலுக்கு ஓரம் உண்டு, அதற்கு அப்பால் வெறும் வெளி உண்டு. நடுவிலிருந்து விலகி நிற்கும் ஒரு துண்டில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு பக்கம் துண்டுகள் அதிகமாகத் தெரியும், இன்னொரு பக்கம் குறைவாகத் தெரியும். வெடியின் சூடும் நடு இருக்கும் பக்கத்திலிருந்துதான் வரும்.

அந்தச் சூட்டைத்தான் 1964-இல் கண்டுபிடித்தார்கள். நியூ ஜெர்சியின் ஹோம்டெல் என்ற ஊரில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் இருவரும் கொம்பு வடிவத்தில் ஒரு பெரிய ஆண்டெனாவை வைத்து வானொலி அலைகளை அளந்துகொண்டிருந்தார்கள். ஆண்டெனாவில் ஓயாத ஓர் இரைச்சல். நியூயார்க் நகரம் இருந்த பக்கம் திருப்பினாலும் வேறு பக்கம் திருப்பினாலும் அது மாறவில்லை. பகல், இரவு, கோடை, குளிர் எதிலும் மாறவில்லை. ஆண்டெனாவுக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களைப் பிடித்து அப்புறப்படுத்தினார்கள், எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. கடைசியில் அது பிரபஞ்சம் இளமையில் வைத்திருந்த சூட்டின் மிச்சம் என்று தெரியவந்தது. 1978-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தச் சூட்டைச் சுமந்து வரும் ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்துக்கு வயது ஏறத்தாழ 380,000 ஆண்டுகள். இப்போதைய வயது 13.8 பில்லியன். அன்றைக்கு ஏறத்தாழ 3000 டிகிரியில் இருந்த ஒளி, வழிநெடுக அலை நீண்டு நீண்டு, இன்று உறைநிலைக்கு 270 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து மைக்ரோவேவாக வந்து சேர்கிறது. அது வானத்தின் ஒரு மூலையிலிருந்து வரவில்லை. கிழக்கு, மேற்கு, தலைக்கு மேலே, காலடியில் பூமிக்கு அந்தப் பக்கம், எல்லாத் திசையிலிருந்தும் ஒரே வெப்பநிலையில் வருகிறது. இந்த ஒளியை அளக்க அனுப்பிய கோபி (COBE) செயற்கைக்கோள் 1992-இல் காட்டிய ஏற்ற இறக்கம் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள், கட்டைவிரல் நுனி அளவு இடத்துக்குள், இந்த நிமிடத்தில் அந்தப் பழைய ஒளியின் துகள்கள் 400-க்கும் மேலே இருக்கின்றன. லயத்து வீடுகளில் முன்பிருந்த பழைய தொலைக்காட்சியில், அலைவரிசை கிடைக்காத நேரத்தில் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் பொரியும், நினைவிருக்கிறதா? அந்தப் பொரியலில் ஒரு சிறு பங்கு இந்த ஒளியால் வந்தது. அம்மா ஆண்டெனாவைத் திருப்பு என்று அதட்டிக்கொண்டிருந்தபோது நாம் பார்த்துக்கொண்டிருந்தது பிரபஞ்சத்தின் குழந்தைப் பருவத்தை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பெரியவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "இங்கதான் நடந்துச்சு தாத்தா. இந்த மண்டபம் நிக்கிற எடத்துலயும் நடந்துச்சு, ஈப்போவுலயும் நடந்துச்சு, ஆண்ட்ரோமெடா இருக்கிற எடத்துலயும் நடந்துச்சு." இன்று தள்ளித் தள்ளி இருக்கும் எல்லா இடங்களும் அன்று நெருக்கமாக, தாங்க முடியாத சூட்டில் இருந்தன. ஒவ்வோர் இடமும் அந்தச் சூட்டிலிருந்து வந்ததுதான். அது நடந்த இடத்தைத் தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது, இதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். காலத்தில் பின்னோக்கிப் போனால் எல்லாம் ஒரு புள்ளிக்கு வந்துவிடும் என்று எங்கும் எழுதுகிறார்கள். நாம் காணக்கூடிய பகுதி முழுவதும் மிகச் சிறிய இடத்துக்குள் இருந்தது என்பது உண்மை. ஆனால் முழுப் பிரபஞ்சம் முடிவில்லாதது என்றால், அன்றும் அது முடிவில்லாததாகத்தான் இருந்திருக்கும். மீண்டும் செம்பனையை நினையுங்கள். முடிவில்லாத நிரை ஒன்றில் இடைவெளியை ஒன்பது மீட்டரிலிருந்து ஒன்பது சென்டிமீட்டராகக் குறைத்தாலும் நிரை முடிவில்லாததுதான். நெரிசல் மட்டுமே கூடும். வெறும் வெளியில் ஒரு புள்ளி இருந்து, அது வெடித்தது என்ற படத்தை மனசிலிருந்து அழித்துவிட்டு, எங்கும் நெரிசல், பிறகு எங்கும் தளர்வு என்று வரைந்துகொள்ளுங்கள். குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

எல்லாத் திசையிலும் ஒரே வெப்பநிலை என்றேன். மிகத் துல்லியமாக அளந்தால், சிம்ம விண்மீன் குழு இருக்கும் பக்கம் அந்த ஒளி ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே சூடாகவும், எதிர்ப்பக்கம் அதே அளவு குளிராகவும் இருக்கிறது. ஆக நடு அந்தப் பக்கம் இருக்கிறதா? இல்லை. நம் சூரியக் குடும்பம் அந்தத் திசையில் நொடிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பதால் வரும் வித்தியாசம் அது. மணிக்கு 1.3 மில்லியன் கிலோமீட்டருக்கும் மேலே. அந்த வேகத்தைக் கழித்துவிட்டால் எல்லாப் பக்கமும் சமமாகிவிடும். அசையாமல் நிற்பது என்பதற்கு இப்படி ஓர் அளவுகோல் கிடைப்பது உண்மைதான். ஆனால் ஒவ்வோர் இடத்துக்கும் அப்படி ஓர் அசையா நிலை இருக்கிறது, அதை வைத்து எந்த இடத்தையும் நடு என்று பொறுக்க முடியாது.

ஒரே ஓர் அர்த்தத்தில் மட்டும் நாம் நடுவில் இருக்கிறோம். ஒளி வந்து சேர 13.8 பில்லியன் ஆண்டுகள்தான் கிடைத்திருக்கின்றன. அதற்குள் வர முடிந்த ஒளியைத்தான் பார்க்க முடியும். அந்த ஒளி வரும் வழியிலேயே வெளி விரிந்துவிட்டதால், இன்று அந்த எல்லை எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 46 பில்லியன் ஒளியாண்டுத் தூரத்தில் இருக்கிறது. அந்தப் பெரிய உருண்டைக்கு நடு நாம்தான். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிறகு பனிமூட்டத்தோடு செம்பனைக்குள் போனால் சுற்றிலும் சில நிரைகள் மட்டும்தானே தெரியும்? அந்த வட்டத்துக்கு நடு நீங்கள். உங்கள் கூட்டாளி அடுத்த பிளாக்கில் நின்றால் அவருக்கு அவர் வட்டம். பனிக்கு அப்பாலும் தோட்டம் இருக்கிறது.

கடைசி முட்டுக்கட்டை ஒன்று இருக்கிறது. நாம் தற்செயலாகவே ஒரு பெரிய நடுவில் இருந்தால் என்ன? அப்போதும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதானே தெரியும்? இதை வானியலாளர்கள் ஒதுக்கித் தள்ளவில்லை. நாம் மாபெரும் வெற்றிடம் ஒன்றின் நடுவில் இருக்கிறோமா என்று தனியாகவே சோதித்தார்கள். தூரத்துக் கேலக்ஸிக் கொத்துகளில் சூடான எலக்ட்ரான்கள் நிறைய உண்டு. பழைய ஒளி அவற்றில் பட்டுச் சிதறி நம்மிடம் வருகிறது. அங்கிருந்து பார்த்தால் அந்த ஒளி ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் தெரிந்திருந்தால், சிதறிய ஒளியில் அதன் தடயம் இருக்க வேண்டும். நாம் நடுவில் இருந்தால் தூரத்துக் கொத்துகளில் அந்தத் தடயம் பெரிதாக இருந்திருக்கும். அளந்ததில் அப்படி இல்லை. அங்கிருந்து பார்த்தாலும் வானம் இங்கிருந்து தெரிவது போலத்தான் தெரிகிறது.

இவ்வளவு விரிகிறதென்றால் நம் வீடும் விரிகிறதா, பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம் கூடுகிறதா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. உடம்பையும் சுவரையும் அணுக்களைப் பிணைக்கும் மின்விசைகள் பிடித்து வைத்திருக்கின்றன, சூரியக் குடும்பத்தையும் பால்வெளியையும் ஈர்ப்பு விசை பிடித்து வைத்திருக்கிறது. பிடிப்பு உள்ள இடத்தில் விரிவு தலைகாட்டாது. 2.5 மில்லியன் ஒளியாண்டுத் தூரத்திலுள்ள ஆண்ட்ரோமெடாவே விலகாமல் நம் பக்கம் வருவது அதனால்தான். நவம்பர், டிசம்பர் இரவில் மேகம் விலகினால், ஊர் வெளிச்சத்தைத் தாண்டிப் போய் வடக்கு வானத்தில் அதைத் தேடிப் பாருங்கள். மங்கிய பஞ்சுத் துணுக்கு மாதிரி வெறும் கண்ணுக்கே தெரியும்.

முழுப் பிரபஞ்சம் முடிவில்லாததா, அல்லது அளவு உண்டா என்பது இன்னும் தீராத கேள்வி. அதே பழைய ஒளியை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் அளவுகளையும் கேலக்ஸிக் கணக்கெடுப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழையில் வெளி தட்டையாக இருக்கிறது. அதாவது எவ்வளவு பெரிய முக்கோணம் வரைந்தாலும் கோணங்களின் கூட்டுத்தொகை 180 டிகிரிதான் வருகிறது. மெல்லிய வளைவு ஒன்று ஒளிந்திருந்து, பிரபஞ்சம் தன்னைத்தானே சுற்றி மூடிக்கொண்டிருந்தால், அது நாம் காணும் பகுதியைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்க வேண்டும். அப்போதும் நேராகப் போய்க்கொண்டே இருப்பவர் ஓரத்தில் முட்ட மாட்டார், விரிவு மட்டும் நின்றிருந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவார். எது உண்மையானாலும் சுங்கை சிப்புட்டும் ஆண்ட்ரோமெடாவும் இந்தக் கணக்கில் சம இடங்கள்தான்.